கையெழுத்துப் போடுவது கண்காணிப்பு ஆகாது

முந்தாநாள் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றிய விவாதத்தில் ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். "வட கரோலினா விவகாரம் முடிந்துபோன கதை. என்.சி.ஏ.ஏ.வே தப்பில்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை மேற்பார்க்கப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்." வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடக்காத வகுப்புகளுக்கு வீரர்கள் மதிப்பெண் வாங்கிய கதை அது. என்.சி.ஏ.ஏ. என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பு. இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

தப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை. 2017 அக்டோபரில் வந்த தீர்ப்பு இதுதான்: அந்த வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே வீரர்களுக்கு மட்டும் தந்த சலுகை என்று நிரூபிக்க முடியவில்லை, வகுப்பு உண்மையானதா என்பதைப் பல்கலைக்கழகம்தான் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகமோ மதிப்பெண்கள் செல்லும் என்று நின்றது. இதற்குப் பெயர் நிரபராதியா?

நடந்தது என்ன? 1993 முதல் 2011 வரை, 18 ஆண்டுகள், அந்தப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில், ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத் துறை என்ற ஒரே துறையில், 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் நடக்காத வகுப்புகளில் பெயர் எழுதினார்கள். பாடம் கிடையாது, ஆசிரியரைப் பார்க்க வேண்டியதில்லை, கடைசியில் ஒரு கட்டுரை. அதை மேலோட்டமாகப் புரட்டி மதிப்பெண் போட்டவர் துறையின் அலுவலகப் பணியாளர். மொத்த மாணவர்களில் வீரர்கள் சுமார் 4 சதவீதம்தான். இந்த வகுப்புகளிலோ கிட்டத்தட்டப் பாதி. பல்கலைக்கழகமே விசாரிக்க அமர்த்திய வழக்கறிஞர் வெயின்ஸ்டைன் 2014இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வளவும் இருக்கிறது.

பேராசிரியர்கள் இருந்தார்களே என்கிறீர்கள். இருந்தார்கள். என்.சி.ஏ.ஏ. உறுப்புக் கல்லூரி ஒவ்வொன்றிலும் விளையாட்டுக்கான ஆசிரியர் பிரதிநிதி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் விளையாட்டுத் துறையில் நிர்வாகியாகவோ பயிற்சியாளராகவோ இருக்கக் கூடாது. ஆனால் அவர் மேசைக்கு வருவது எது என்று பாருங்கள். பல இடங்களில் விளையாட்டுத் துறையின் விதி அலுவலகமே தயாரித்த, யார் ஆடலாம் என்ற தகுதிப் பட்டியல். பருவத்துக்கு 6 கிரெடிட் (பாட அலகு) முடித்தாரா, இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்தின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 எட்டினாரா, சராசரி போதுமா. எல்லாம் எண்கள். நடக்காத வகுப்பும் அதில் 3 கிரெடிட்டாகவே தெரியும். கூட்டல் சரியாகத்தான் வரும். கீழே ஒரு கையெழுத்து. அது கண்காணிப்பு ஆகாது.

கண்காணிப்பது என்றால் பதிவாளர் அலுவலகத்தின் தரவைப் பிரதிநிதி நேரடியாக எடுக்க வேண்டும். வீரர் வாரியாக அடுக்கினால் ஒன்றும் தெரியாது. வகுப்பு வாரியாக அடுக்க வேண்டும். எந்த வகுப்பில் வீரர்கள் குவிகிறார்கள், அங்கே மதிப்பெண் துறையின் சராசரியைவிட எவ்வளவு உயரம், அறை எண்ணும் நேரமும் காலியாக இருக்கின்றனவா, ஒரே ஆசிரியர் பெயரில் எத்தனை தனிப்படிப்பு (வகுப்பு இல்லாமல் ஆசிரியரிடம் தனியாகப் படிப்பது), மதிப்பெண் திருத்தப் படிவத்தில் இருப்பது உண்மையிலேயே அந்த ஆசிரியரின் கையெழுத்தா. சேப்பல் ஹில்லில் இந்த வகுப்புகளில் பலவற்றை விரிவுரை என்றே பதிந்திருந்தார்கள். தனிப்படிப்புக்கு உச்சவரம்பு உண்டு, விரிவுரைக்கு இல்லை. அறைக் கதவைத் திறந்து பார்த்திருந்தாலே போதும், பாடம் நடக்கவில்லை என்று தெரிந்திருக்கும்.

ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஒருவர் பார்த்தார். சமூகவியல் பேராசிரியர் ஜேம்ஸ் கன்ட்லாக். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரின் படிப்புச் சாதனையைத் தொலைக்காட்சியில் பாராட்டினார்கள். சமூகவியல் மாணவர் என்றார்கள். தன் துறை மாணவராயிற்றே, யார் இவர் என்று சக ஆசிரியர்களிடம் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே தொடங்கி, ஒரே ஆசிரியர் பெயரில் குவிந்திருந்த தனிப்படிப்புகள் 2006இல் செய்தியாக வெளியே வந்தன. கன்ட்லாக் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. "யார் இந்தப் பையன்?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

"பேராசிரியருக்கு நேரம் ஏது?" என்பீர்கள். நியாயம். பாடச்சுமையைக் குறைத்துத் தரட்டும், தரவை ஆராய ஒரு ஆளைக் கொடுக்கட்டும். அந்தச் செலவு விளையாட்டுத் துறையின் கணக்கில் இருக்கவே கூடாது. "சக ஆசிரியரின் வகுப்பில் மூக்கை நுழைப்பதா, கல்விச் சுதந்திரம் என்னாவது?" என்பீர்கள். நடக்காத வகுப்புக்கு என்ன சுதந்திரம்!

"வீரர்களைச் சந்தேகிக்கிறீர்கள், அதிலும் கறுப்பினப் பிள்ளைகளை" என்று இன்னொருவர் சொன்னார். இதுதான் என்னை உண்மையில் சுட்டது. சந்தேகம் அந்தப் பிள்ளைகள் மேல் இல்லவே இல்லை. களத்துக்கு வாரம் 20 மணி நேரம்தான் என்று விதி. ஒரு போட்டி எத்தனை மணி நீண்டாலும் கணக்கில் 3 மணிதான், பயணம் கணக்கிலேயே வராது. அப்படி உழைப்பைக் கறந்துவிட்டு, பதிலுக்குத் தருவதாகச் சொன்ன ஒரே பொருள் படிப்பு. அதையும் வெறுங்காகிதமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத் துறையில் நேர்மையாகப் பாடம் நடத்தியவர்களுக்கும், விழித்திருந்து படித்தவர்களுக்கும் சேர்த்தே அவப்பெயர்.

2009 நவம்பரில் படிப்பு ஆலோசகர்கள் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்குக் காட்டிய திரைப்பக்கம் வெயின்ஸ்டைன் அறிக்கையில் இருக்கிறது. மதிப்பெண் போட்டுவந்த அந்தப் பணியாளர் ஓய்வுபெற்று, அந்த வகுப்புகளில் பெரும்பாலானவை நின்றுபோன பிறகு காட்டியது. வீரர்கள் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை, குறிப்பு எடுக்க வேண்டியதில்லை, விழித்திருக்க வேண்டியதில்லை என்று வரிசையாக எழுதி, அடியில் பெரிய எழுத்தில், அந்த வகுப்புகள் இப்போது இல்லை என்று போட்டிருந்தார்கள். ஒரு அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார்கள்.