ஆத்தங்கரை ஹோட்டலாம், ஆறு எங்கய்யா?

ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்கிவிட்டு வந்து அழுகிறான் பார் என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரியுங்கள். கம்பெனி காசில் போனவனுக்கு வாய் வேறயா என்று கேட்பவர்களுக்கும் ஒரு கும்பிடு. சொகுசு போதவில்லை என்று நான் புலம்பவில்லை. மெத்தை அருமை, காலைச் சாப்பாடு அருமை, குளியலறையில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். என் வயிற்றெரிச்சல் வேறு. பாங்காக்கில் சாவோ பிரயா ஆற்றங்கரை என்று சொல்லி, அந்த ஆற்றைக் காட்டியே விலை பேசி, கடைசியில் மீட்டிங்குக்கு வந்தவர்களை மட்டும் ஜன்னலே இல்லாத கொட்டடியில் கொண்டுபோய் அடைக்கிறார்களே, அது எந்த ஊர் நியாயம்?

டீலர் மீட், சேல்ஸ் மீட் என்றால் நம்ம ஊர்க் கம்பெனிகள் பாங்காக்குக்கு ஓடுவது புதிதல்ல. சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடுகிறான். 2023 நவம்பரில் விசாவும் வேண்டாம் என்று தளர்த்திய பிறகு கேட்கவே வேண்டாம். அதிலும் ஆற்றங்கரை ஹோட்டல் என்றால் நிர்வாகத்துக்குத் தனி மோகம். இன்விடேஷனில் அந்தி வெயில், அருண் என்ற பௌத்தக் கோயிலின் கோபுரம், அதன் முன்னால் ஒரு படகு. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் வேறு பெருமையடித்திருப்போம்.

போய்ச் சேருவதே ஒரு பெரிய கதை. சுவர்ணபூமி விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே ஒரு கோடி, ஆறு மேற்கே மறு கோடி. எக்ஸ்பிரஸ்வேயில் பறந்து வந்த வண்டி சரோயன் குரூங் சாலையில் இறங்கியதும் அப்படியே நின்றுவிடும். அந்தச் சாலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1860களின் தொடக்கத்தில், குதிரை வண்டியில் போய்க் காற்று வாங்க ஒரு சாலை இல்லை, உடம்பு கெடுகிறது என்று ஐரோப்பியத் தூதர்கள் அன்றைய தாய்லாந்து மன்னர் நான்காம் ராமாவிடம் மனுப் போட்டு வாங்கிய சாலை அது. அவர்கள் காற்று வாங்கினார்கள். நாம் அதே இடத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். சபான் தக்சின் ரயில் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கிற சாத்தோன் படகுத்துறையில் ஹோட்டலின் இலவசப் படகைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் முப்பது பேர், முப்பது பெட்டி, கூடவே கம்பெனி பேனர் சுருட்டிய குழாய் என்று வருகிறவர்களை யார் படகில் ஏற்றுவார்கள்? பஸ்தான்.

சரி, வந்தாச்சு. ரூம் சாவி கொடுக்கிறார்கள். 'சிட்டி வியூ'. அதாவது ஆற்றுக்கு முதுகு. திரையை விலக்கினால் ஒரு பார்க்கிங் கட்டடம், அதன் மேல் வரிசையாக ஏசி பெட்டிகள், அதற்கும் அப்பால் ஒரு மேம்பாலத்தின் இடுப்பு. ஆற்றைப் பார்த்த ரூம் வேண்டுமென்றால் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு கூடுதல் என்று கவுன்டரில் அந்தப் பெண் கைகூப்பிச் சிரித்தபடி சொல்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கோபப்படக்கூட முடியாது. அந்தக் கூடுதல் தொகையை எந்த எச்ஆர் பாஸ் பண்ணுவார்? நமக்கு விதித்தது ஏசி பெட்டி தரிசனம்.

ரூம் போகட்டும், தூங்கத்தானே போகிறோம். பகல் முழுக்கக் கிடக்கப்போவது கான்ஃபரன்ஸ் ஹாலில். அங்கேதான் என் கோபத்தின் மொத்த சரக்கும் இருக்கிறது.

ஹால் மூன்றாவது மாடியில், கட்டடத்தின் நடு வயிற்றில். நாலு பக்கமும் சுவர். தரையில் பூசணி அளவுக்குப் பூப்போட்ட கார்ப்பெட், மேலே கண்ணாடிச் சரவிளக்கு. காலை ஒன்பதா ராத்திரி ஒன்பதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஏசியோ, ஐஸ் ஃபேக்டரி. கொஞ்சம் குறைக்கச் சொன்னால் சென்ட்ரல் ஏசி சார் என்று பதில் வரும். எங்கள் மதுரை டீலர் ஒருவர், வயசு அறுபதுக்கு மேல், டேபிளில் விரித்திருந்த துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். எங்கள் ஹாலுக்கும் பக்கத்து ஹாலுக்கும் நடுவில் சுவர் கூடக் கிடையாது, இழுத்து மூடுகிற தடுப்புதான். அந்தப் பக்கம் இன்னொரு இந்தியக் கம்பெனியின் விருது விழா. எங்கள் எம்.டி. இந்தக் காலாண்டில் விற்பனை சரிந்ததைப் பற்றி உருக்கமாகப் பேசும்போதெல்லாம் அங்கிருந்து விசிலும் கைதட்டலும் வந்தது.

மத்தியானம் வீட்டுக்காரி போன். "என்னங்க, ஆத்தங்கரைன்னீங்களே, வீடியோல காட்டுங்க, அம்மாவும் பாக்கணுங்கறாங்க." எதைக் காட்ட? சரவிளக்கைக் காட்டினேன். "இது என்ன, கல்யாண மண்டபமா?" என்று கேட்டாள். அதுதான் உண்மை. ராத்திரியில் கல்யாணத்துக்கும் விடுகிற ஹால்தானே அது.

ஏன் இப்படிக் கட்டுகிறார்கள் என்று விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். திரையில் படம் தெளிவாகத் தெரிய இருட்டு வேண்டும். நடுவில் தூண் வராத பெரிய ஹால் என்றால் அறைகள் இருக்கும் கோபுரத்துக்கு அடியில் கொண்டுவர முடியாது, ஒதுக்கித்தான் கட்டவேண்டும். இதெல்லாம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னாரே, அதுதான் சங்கதி. ஆற்றை ஒட்டிய ஒவ்வொரு அடியும் காசு. அதில் ரெஸ்டாரன்ட் போட்டால் ராத்திரிக்கு ராத்திரி வசூல், சூட் ரூம் போட்டால் அதைவிட வசூல். மீட்டிங்குக்கு வருகிற கூட்டம் எப்படியும் வரப்போகிறது, மொத்தமாக பில் கட்டப்போகிறது. அதற்கு எதற்கு ஆறு?

அப்போ எதற்கய்யா ஆற்றின் படத்தைப் போட்டு எங்களைக் கூப்பிட்டீர்கள்?

ஹாலில் ஜன்னல் வேண்டாம், போகட்டும். காபி இடைவேளையையாவது ஆற்றுப் பக்கம் வைக்கலாம் இல்லையா? அதுவும் ஹாலுக்கு வெளியே, அதே ஜன்னலில்லாத நடையில், எவர்சில்வர் டிரம்மிலிருந்து பிடிக்கிற காபியோடு. நான் கப்பை எடுத்துக்கொண்டு கீழே ஆற்றோரத் திண்ணைக்கு இறங்கிப் போனேன். நாற்காலிகள் அத்தனையும் காலி. ஒரு பையன் ஓடிவந்தான். "சாரி சார், கான்ஃபரன்ஸ் கெஸ்டுக்கு காபி மூணாவது மாடியில்." இது காலியாகத்தானே இருக்கிறது என்றேன். சாயங்காலம் டின்னருக்கு ரிசர்வ் ஆகியிருக்கிறதாம். மணி அப்போது பதினொன்று! அவன் மேல் தப்பில்லை, மேலிருந்து சொன்னதைச் செய்கிறான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பில் விஷயத்துக்கு வருவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாள் மீட்டிங் பேக்கேஜ் 1500 பாட் (தாய்லாந்துக் காசு) என்று கொட்டேஷன் வந்தால் பக்கத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒரு கூட்டல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், 1650 ஆகிவிட்டது. மற்றது 7 சதவீத வாட் வரி, அதுவும் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகையின் மேல். ஆக 1765.50 பாட். வரியைக் குறை சொல்லமாட்டேன். 1997 பொருளாதார நெருக்கடியில் பத்தாக்கி, 1999-ல் தற்காலிகமாக ஏழாகக் குறைத்ததை இன்றுவரை நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள், நல்ல அரசாங்கம்தான். சர்வீஸ் சார்ஜ் எந்த சர்வீஸுக்கு என்பதுதான் என் கேள்வி. லேப்டாப்பைத் திரையோடு இணைக்கிற கேபிளுக்குத் தனி வாடகை, ஹாலில் வைஃபைக்குத் தனி.

எங்கள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, கடைசி ராத்திரி டின்னர் குரூஸ். அப்பாடா, ஆறு! என்று ஏறினால், கீழ்த்தளத்தில் பஃபே வரிசை, மேல்தளத்தில் பாலிவுட் பாட்டு, பேசுகிறவன் வாயசைவு மட்டும்தான் தெரிகிறது. சைவச் சாப்பாடு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்குள் அருண் கோயில் தாண்டிப் போய்விட்டது. எதிர்க்கரையில் ஐகான் சயாம் மாலின் விளக்குகள் மட்டும் கண்ணைப் பறித்தன. ஆறு இருட்டில் எங்கேயோ கிடந்தது.

அந்த ஆறு எப்பேர்ப்பட்ட ஆறு என்று எனக்குத் தெரிந்ததே ஹோட்டலால் அல்ல. ஒரு விடிகாலை மீட்டிங்குக்கு முன்னால் நழுவி, சாத்தோன் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டின படகில் ஏறினேன். ஊர்க்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற படகு. சில்லறைக் காசு டிக்கெட். நடத்துனர் அம்மா கையில் ஒரு நீளமான தகர டப்பாவைச் சலசலவென்று ஆட்டிக்கொண்டே வருகிறாள், அதற்குள்தான் டிக்கெட்டும் சில்லறையும். துறை நெருங்கினால் பின்னாலிருக்கும் ஆள் விதவிதமாக விசில் அடிக்கிறான், அதைக் கேட்டே ஓட்டுநர் படகைத் துறையில் அணைக்கிறார். பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டு வருகிறார்கள். ஒரு சின்ன இழுவைப் படகு, பின்னால் மலை மலையாக மூன்று பார்ஜு என்கிற சரக்குப் படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு எதிரே போகிறது. ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து வருகிறது. மூக்கில் டீசலும் சேற்று வாசமும். அரை மணி நேரம். அந்தப் பயணத்தில் உருப்படியாகக் கழிந்த நேரம் அதுதான், அதற்கும் கம்பெனி பில்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஹோட்டலை மட்டும் திட்டி என்ன பயன்? நம் ஆட்கள் அதைவிட மோசம். ஒன்பதிலிருந்து ஆறரை வரை பவர்பாயின்ட், அதே ஹாலில் லஞ்ச், அதே ஹாலில் நாற்காலியை வட்டமாகத் திருப்பிப் போட்டு 'காலா டின்னர்'. இதற்குக் கிண்டியிலோ பெருங்குடியிலோ ஒரு ஹால் பிடித்திருந்தால் எத்தனை லட்சம் மிச்சமாகியிருக்கும்? மதுரை டீலரும் போர்வை கொண்டுவந்திருப்பார். ஈவென்ட் கம்பெனிக்காரனுக்குத் தேவை போட்டோ. கடைசி நாள் எல்லோரையும் அந்தத் திண்ணையில் பத்து நிமிடம் நிற்கவைத்து, ஆற்றுக்கு முதுகு காட்டச்சொல்லி, ஒரு குரூப் போட்டோ எடுத்தான். லிங்க்டின்னில் போட்டார்கள். நானூறு லைக்.

அடுத்த கூட்டத்துக்கு மறுபடியும் ஆற்றங்கரை ஹோட்டல்களிடமே கொட்டேஷன் கேட்டிருக்கிறார்கள். விடவில்லை நான். காபி இடைவேளை எந்த மாடியில், எந்தப் பக்கம், வெளியே உட்கார அனுமதி உண்டா என்று எழுதித் தரச்சொல்லி மெயில் போட்டேன், எம்.டி.க்கும் ஒரு நகல் போகும்படி. ஒரு ஹோட்டலிலிருந்து பதில் வந்தது. ஆற்றைப் பார்த்த திண்ணை தாராளமாகக் கிடைக்குமாம், இரண்டு இடைவேளைக்கும். ஆளுக்கு இவ்வளவு கூடுதல். பக்கத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி.