இட்டேரி இருந்த இடத்தில் ஒரு சுவர்

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அந்த மளிகைக் கடையின் போர்டு தெரியும். சத்தமாகக் கூப்பிட்டால் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் வண்டியில் போனால் 1.8 கிலோமீட்டர். நடுவில் ஒரு ஹாலோபிளாக் சுவர். எங்கள் சைட்டும் பின்னாடி சைட்டும் வேறு வேறு ஆள் போட்டது, அவ்வளவுதான் விஷயம். இரண்டு பக்கமும் தார் ரோடு சுவர் வரைக்கும் வந்து முட்டி நிற்கிறது. அரை லிட்டர் பாலுக்கு கோவை சத்தி ரோட்டில் ஏறி, லாரிகளுக்கு நடுவே யூ டர்ன் போட்டு, அடுத்த ஆர்ச்சுக்குள் நுழைய வேண்டும்.

காந்திபுரத்தில் இந்தத் தொல்லை இல்லை. கிராஸ்கட் ரோட்டில் ஒரு வீதி அடைத்திருந்தால் அடுத்த வீதியில் புகுந்து நூறடி ரோட்டுக்குப் போய்விடலாம். இங்கே எல்லா வண்டியும் ஒரே ரோட்டில்தான் வந்து விழுகிறது. அப்புறம் மேம்பாலம் கேட்கிறோம்.

2011-ல் கோவை மாநகராட்சி 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257-க்குப் போனது, 72 வார்டு 100 ஆனது. மாஸ்டர் பிளான் மட்டும் அப்போதும் 1994-ல் வந்ததுதான். அதில் கோடு போட்ட திட்டச் சாலைகளில் பல இன்னும் கோடாகவே இருக்கின்றன. தோட்டம் தோட்டமாக விற்றார்கள். வாங்கியவர் அவரவர் எல்லைக்குள் வீதி போட்டார். பக்கத்து வீதியோடு சேர்த்தால்தான் அப்ரூவல் என்று கறாராகச் சொல்லியிருந்தால் போதும், காசே செலவில்லை.

அப்பாவிடம் புலம்பினேன். "அந்தச் செவுரு நிக்கிற எடத்துல இட்டேரி இருந்துச்சு கண்ணு. ரெண்டு பக்கமும் கிளுவ வேலி. மாட்டு வண்டி அந்தக் கடக்கோடி தோட்டம் வரைக்கும் போகும். பங்காளிச் சண்டையில பேச்சு இல்லாதவன்கூட தடத்த மறிக்க மாட்டான்."

சுவர் பாதுகாப்புக்கு என்கிறார்கள். சரி, நானும் யோக்கியன் இல்லை. "ஒரே வழிதானுங்க, கண்டவங்க உள்ள வரமாட்டாங்க" என்று புரோக்கர் சொன்னபோது சந்தோஷமாகத் தலையாட்டித்தான் இந்த இடத்தை வாங்கினேன்.

போன மாதம் யாரோ சுவரில் இரண்டு கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். நான்கு நாளில் பூசி, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தாயிற்று. இந்த வாரம் மறுபடி மூன்று கல் காணோம். அந்தப் பக்கம் இறங்க வசதியாக ஒரு மணல் மூட்டை வேறு. நான் பெயர்க்கவில்லை. இன்று பால் வாங்க அந்த வழியாகத்தான் போய் வந்தேன்.