‘அஞ்சே நிமிஷம் சார்’

தியாகராய நகரில் சொந்த வீடு என்று சொன்னதும் கேட்பவரின் கண்கள் விரிகின்றன. "உங்களுக்கென்ன, வாசலை விட்டு இறங்கினால் கடை" என்கிறார்கள். வாசலை விட்டு இறங்க முடிந்தால்தானே ஐயா, கடைக்குப் போவதற்கு?

பாண்டி பஜாரை ஒட்டிய குறுக்குத் தெருவொன்றில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டு கேட்டில் ‘வாகனங்களை நிறுத்தாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது. அதற்கு நேர் கீழே, ஹேண்டில் லாக் போட்ட இருசக்கர வண்டிகள் நாள்தோறும் குறைந்தது நான்கு நிற்கின்றன. வந்து நிறுத்துகிறவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஐந்து மாடிக் கடையில் எந்த மாடியில் எத்தனை சதவீதத் தள்ளுபடி என்பதைத் தெருமுனையிலிருந்தே படித்துவிடுகிறவர்கள்.

சென்ற ஆடித் தள்ளுபடியின்போது, ஒரு சனிக்கிழமை, 82 வயதான என் தந்தையைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகக் கிளம்பினால், கேட்டை முழுவதுமாக அடைத்துக்கொண்டு ஒரு கார் நிற்கிறது. உரியவர் எந்தக் கடையில், எந்த மாடியில், எந்தப் புடவைக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று எங்கே போய்த் தேடுவது? கூப்பிட்ட ஆட்டோவும் நெரிசலில் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டதால், சரியாகக் கண் தெரியாத மனிதரைக் கூட்டத்துக்குள் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோதும் அந்தக் கார் அங்கேயேதான் நின்றது. பிறகு நிதானமாக நான்கு பைகளோடு வந்து சேர்ந்தவர் சொன்னது: "அஞ்சே நிமிஷம்தான் சார் ஆச்சு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?"

ரயிலில் வந்து இறங்கி, மாம்பலம் நிலையத்திலிருந்து 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை வழியாக நடந்து வருகிறவர்களிடம் எனக்கு எந்தப் பகையும் இல்லை. பாண்டி பஜாரில் 2019-இல் அமைத்த அகலமான நடைபாதையையும் நான் குறை கூறமாட்டேன். என் தந்தையே மாலையில் அங்கேதான் காலாற நடக்கிறார். ஆனால் அதுவரை அந்தச் சாலையோரம் நின்ற வண்டிகள் காற்றில் கரைந்துவிடவில்லை. தணிகாசலம் சாலையில் பல்லடுக்கு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பட்டு வாங்க வருகிறவருக்கு அங்கே கொடுக்க வேண்டிய சொற்பக் கட்டணம் மட்டும் கசக்கிறது. போதாக்குறைக்கு, எதிர்ப்புறத்துக் கடையின் காவலாளி தன் முதலாளியின் வாசலில் நிறுத்த வருகிறவர்களை விசிலடித்து விரட்டி, என் வாசலை நோக்கிக் கைகாட்டுகிறார்!

1920-களில் ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, மனிதர்கள் குடியிருப்பதற்கென்றே வகுத்த பகுதி இது என்பதை இன்று சொன்னால் யார் நம்புவார்கள்? போக்குவரத்துக் காவலருக்கு எத்தனை முறை தொலைபேசியில் சொல்வது? இழுவை வண்டி வருவதற்குள் ஒரு வண்டி போய் அந்த இடத்தில் வேறொன்று வந்து நிற்கிறது; புகாரை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வேறு வழியின்றிப் போன வாரம் இரண்டு பெரிய சிமென்ட் தொட்டிகளில் துளசி வைத்து கேட்டின் இருபுறமும் காவலுக்கு நிறுத்தினேன். மறுநாளே தொட்டிகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன, நடுவில் ஒரு ஸ்கூட்டர். துளசி என்பதால் அந்த மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டிகளை நகர்த்தினாராம். பக்கத்து வீட்டு அம்மாள் மெச்சிக்கொண்டார்.