மலையுச்சி போதாதா என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கத்து மண்டபத்தில், தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பும் செலவைச் சாடி ஒருவர் பேசினார். அங்கே நடந்ததைப் பலரும் நேரிலோ காணொளியிலோ பார்த்துவிட்டதால், மறுபடி விவரிக்கவில்லை. “கொடைக்கானல் மலையுச்சியிலேயே வானாய்வகம் இருக்கும்போது தொலைநோக்கியை ராக்கெட்டில் ஏற்றுவது யார் வீட்டுப் பணம்?” என்று அந்தப் பேச்சாளர் கேட்டதற்கும், அதற்கு விழுந்த கைதட்டலுக்கும் மட்டும் பதில் எழுதுகிறேன்.

எக்ஸ் கதிர் மலைக்கு வராது. 1899இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தின் வேலியோரம் வளர்ந்தவள் நான். அதன்மீது எனக்கும் பெருமை உண்டு. ஆனால் ராக்கெட்டில் ஏறும் தொலைநோக்கி தேடுகிற, விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிரைக் காற்றுமண்டலம் வெகு உயரத்திலேயே விழுங்கிவிடுகிறது. புற ஊதா ஒளியில் அலைநீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை ஓசோன் மறித்துவிடுகிறது. ஓசோன் அடர்ந்திருப்பது 20, 25 கிலோமீட்டர் உயரத்தில். நம் மலையோ இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை. இந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, அஸ்ட்ரோசாட் என்ற இந்திய வானியல் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியது. மலையை வைத்திருப்பவர்களுக்கே மலை போதவில்லை, ஐயா.

செலவைக் கேள்வி கேட்கக் கூடாதா என்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் “தொலைநோக்கிக்குக் கண்ணாடி மாட்டுகிற வேலைக்கு இத்தனை வருடமா?” என்று அந்தப் பேச்சாளர் சிரித்தாரே, அதுதான் நெஞ்சில் தைத்தது. எக்ஸ் கதிர் நேராக விழுந்தால் கண்ணாடி அதைத் திருப்பாது. குளத்தில் சாய்த்து எறிந்த ஓட்டாஞ்சில்லுபோல உரசிச் சென்றால்தான் திரும்பும். அதற்காகவே தங்கம் பூசிய மெல்லிய தகடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிறார்கள்.

நானும் ஆறு ஆண்டுகள் ஒரு புற ஊதாக் கருவிக்காகத் தூசு புகாத தூய்மை அறையில் வேலை பார்த்தேன். பவுடர் கூடாது, பூ கூடாது, தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய்ப் பசையின் ஆவி கண்ணாடியில் படிந்தால், விண்வெளியில் வெயில் பட்டு அங்கேயே இறுகி, நாம் தேடிப் போன ஒளியையே குடித்துவிடும். 2015 செப்டம்பர் 28 அன்று ஏவிய அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கிக்கு நவம்பர் 30 அன்றுதான் மூடியைத் திறந்தார்கள். செயற்கைக்கோளிலிருந்து கசியும் ஆவியெல்லாம் அடங்கட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தார்கள். காத்திருக்கத் தெரிந்தவர்களைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு.

வேலையில் இருந்த நாளில் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அம்மா மல்லிகைப் பூவோடு வந்து, அதைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலும் என் பக்கத்தில்தான் இருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் என் தலையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “இதுக்காகவா அத்தனை வருஷம் எண்ணெய் வைக்காம கிடந்தே?”