பொம்மை என்றவர்களுக்கு

முந்தாநாள் நான் மாட்டிய அலமாரிக் கதவின் படத்தை இங்கே போட்டிருந்தேன். அதில் ஓரமாகக் கிடந்த என் சிறிய கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவரை, அதாவது பேட்டரியில் ஓடும் திருப்புளியைப் பார்த்தவர்கள், "இது பொம்மை", "துளையும் போடும் பெரிய 18 வோல்ட் டிரில்லை வாங்குங்கள்" என்றெல்லாம் எழுதினார்கள். அவற்றில் "பொம்மை" என்ற சொல்லை மட்டும் இரண்டு நாட்களாக என்னால் விழுங்க முடியவில்லை. கதவு நேராக நிற்கிறதா, கீல் இழுக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். வீட்டு வேலைக்கு வாங்கும் கருவியில் எவ்வளவு விசை இருக்கிறது என்பதைவிட, அது எந்த இடத்தில் திருகுவதை நிறுத்துகிறது என்பதே முக்கியம். ஒற்றை லித்தியம் செல்லில், 3.6 வோல்ட்டில் ஓடும் என் "பொம்மை" தருவது ஏறக்குறைய 4 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது திருகும் வலு. நீங்கள் பரிந்துரைத்த 18 வோல்ட் டிரில்கள் பலவற்றில் அது 50-ஐத் தாண்டும். மரத்தூள் பலகையில் இறங்கும் கீல் திருகாணிக்கு 50 எதற்கு? திருகாணியின் தலை பலகையைத் தொட்ட பிறகும் அரைச் சுற்று கூடுதலாகத் திரும்பினால் போதும், உள்ளே மரை அரைபட்டுவிடும். அதன் பிறகு அந்தத் துளையில் எதுவும் பிடிக்காது.

இது ஏட்டில் படித்த ஞானம் அன்று. மகளின் படிப்பு மேசையைப் பூட்டும்போது, உறவினர் ஒருவர் பெரிய டிரில் ஒன்றை இரவல் கொடுத்து, "இதில் ஐந்தே நிமிடம்" என்றார். உண்மையில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு திருகாணிகள் தலைவரை புதைந்து, ஒன்றின் முனை மேற்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. மகள் அழவில்லை, அந்த முனையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"டிரில்லிலும் குறித்த விசையோடு திருகுவதை நிறுத்தும் கிளட்ச் இருக்கிறதே, குறைந்த எண்ணில் வைத்துக்கொள்ளலாமே" என்பீர்கள். இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரியோடு ஒன்றரைக் கிலோ வரக்கூடிய ஒன்றை, அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒற்றைக் கையில் நேராகப் பிடித்துப் பார்த்தவர்கள்தாம் இதை எழுதினார்களா என்பது என் சந்தேகம். "சுவரில் துளை போட முடியாதே" என்று கேட்பவர்களுக்கு: முடியாது. நான் போடுவதாகச் சொல்லவும் இல்லை. "கையாலேயே திருகலாமே" என்பவர்கள், மணிக்கட்டு வலியோடு முப்பது திருகாணிகளை இறக்கிய பிறகு வந்து பேசட்டும்.

இன்னொருவர் வோல்ட் கணக்கு எடுத்தார்: 20 வோல்ட் எழுதியதுதான் 18-ஐவிட வலிமையானதாம். ஐயா, இரண்டிலும் வழக்கமாக இருப்பவை வரிசையாக இணைத்த ஐந்து செல்கள். முழுச் சார்ஜில் செல்லுக்கு 4 வோல்ட் என்று எண்ணினால் 20, சராசரியாக 3.6 என்று எண்ணினால் 18. பெட்டியில் அச்சடித்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்!

உண்மையில் என்னைச் சுட்டது இந்தக் கணக்குகள் எவையும் அல்ல. "பெண்கள் கைக்கு இதுவே போதும்" என்று ஒருவர் எழுத, அதற்கு நாற்பது பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் சிலர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். நான் இந்தச் சிறிய கருவியைத் தேர்ந்தெடுத்தது கை சிறியது என்பதற்காக அன்று. விசையைக் கூட்டிக் குறைக்கும் வளையம் இருக்கிறதா, வழக்கமான பிட்டுகள், அதாவது மாற்றிப் போடும் திருகுமுனைகள், பொருந்தும் 6.35 மில்லிமீட்டர் அறுகோண வாய் இருக்கிறதா, மோட்டார் நின்றதும் தண்டு பூட்டிக்கொண்டு கடைசித் திருப்பைக் கையால் கொடுக்க விடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே வாங்கினேன். திருகாணித் தலையில் சிலுவைக் குழி உள்ள இரண்டு வகைகளான பிலிப்ஸுக்கும் போசிடிரைவுக்கும் தனித்தனிப் பிட்டு வைத்திருக்கிறேன். சிலுவைக் கோடுகளுக்கு இடையே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது போசிடிரைவ். சிரித்த நாற்பது பேரில் எத்தனை பேர் அதைக் குனிந்து பார்த்திருப்பார்கள்?

அந்த மேசையில் வாய் அகன்றுபோன துளைகளில் பல்குத்தும் குச்சிகளைப் பசை தடவி அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, இதே பொம்மையால் திருகாணிகளை மீண்டும் ஏற்றியவள் நான்தான். இரவல் கொடுத்தவர் தம் டிரில்லை வாங்கிப் போக வந்தபோது மேசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.