கூலி மட்டும் காரணமில்லை

ஆப்பிள் சீனாவை விட்டு வெளியேறாததற்கு மலிவான கூலிதான் காரணம் என்று ஐபோன் தயாரிப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அது பாதி உண்மைதான். பாகங்களை வார்க்கும் அச்சுகளையும் கருவிகளையும் வடிவமைக்கும் பொறியாளர்களைக் கூப்பிட்டால் அமெரிக்காவில் ஓர் அறை நிறையுமா என்பதே சந்தேகம், சீனாவில் பல கால்பந்து மைதானங்கள் நிறையும் என்று அப்போது ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக்கே 2017-இல் சொன்னார். வியாபாரிப் பேச்சுதான், ஆனாலும் பொய்யில்லை. ஆனால் அந்தத் திறமை தானாக முளைக்கவில்லை. ஆப்பிள் தன் ஆட்களை அனுப்பி, இயந்திரங்களுக்குப் பணம் போட்டு வளர்த்தது.

அப்படிச் சீனாவையே நம்பியதற்கான விலை 2022-இல் தெரிந்தது. சீனாவின் செங்சோ நகரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துதரும் தைவான் நிறுவனமான ஃபாக்ஸ்கானின் ஆலையில் கோவிட் கெடுபிடி தாங்காமல் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். நவம்பரில், புதிதாகச் சேர்ந்தவர்கள் பேசிய பணம் வரவில்லை என்று மோதலில் இறங்கினார்கள். ஐபோன் 14 ப்ரோவுக்குப் பெரிதும் அந்த ஓர் ஆலையையே நம்பியிருந்ததால் பண்டிகை நேரத்தில் சரக்கு இல்லை. ஆப்பிளின் அந்தக் காலாண்டு வருவாய் 5 சதவீதம் சரிந்தது (டாலர் மதிப்பு ஏறியதும் சேர்ந்துகொண்டது).

சரி, இப்போது ஸ்ரீபெரும்புதூரிலும் செய்கிறார்களே என்றால், இங்கே நடப்பது பெரும்பாலும் கடைசிக்கட்டப் பொருத்தும் வேலை. உதிரிபாகங்களில் பெரும்பகுதி இன்னும் சீனாவிலிருந்துதான் வருகிறது. அப்புறம், 2021 டிசம்பரில் இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்களின் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக, பெண் தொழிலாளர்கள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. அந்த விடுதிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.