எனக்குப் பகிடி விளங்காதாம்

வெள்ளிக்கிழமை நான் எழுதிய ஒற்றை வரிக்கு வந்த பதில்களைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. மற்றவர்களுக்கு இதுதான்: பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான பொரிஸ் ஜோன்சன், கிழமைச் செய்திகளை நக்கலடிக்கும் பிபிசி வினாடி வினா நிகழ்ச்சி 'ஹேவ் ஐ கொட் நியூஸ் ஃபோர் யூ'வை நடத்திய பழைய வீடியோத் துண்டு. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள், "என்ன ஒரு பகிடியான மனுசன்" என்று உருகல். இந்த ஆளை நிகழ்ச்சி நடத்துபவரின் அந்த நடுக் கதிரையில் இருத்தியதே பிழை என்று எழுதினேன். உடனே ஒரு தம்பி வந்தார்: "அண்ணை, பகிடியைப் பகிடியா எடுக்கத் தெரியாதே?" அதற்கு என் சொந்தக்காரரே மூன்று பேர் லைக் போட்டிருக்கிறார்கள். நல்லது.

நான் சொன்னது கதிரையைப் பற்றி. திரும்பவும் சொல்கிறேன், கதிரையைப் பற்றி. அரசியல்வாதியைக் கூப்பிடாதே என்று நான் எங்கேயும் எழுதவில்லை. தாராளமாகக் கூப்பிடட்டும், பக்கத்தில் இருத்தி வறுத்தெடுக்கட்டும். நடுக் கதிரையை மட்டும் கொடுக்க வேண்டாம்.

ஏனென்றால் நடுக் கதிரையில் இருப்பவருக்குப் பாதி வேலையை வேறு ஆட்கள் செய்து கொடுக்கிறார்கள். பகிடியை எழுத ஆள் இருக்கிறது, அதை எதிரே திரையில் ஓட விட ஆள் இருக்கிறது. வியாழன் இரவுப் பதிவில் தடக்கி விழுந்து வாசித்தாலும் வெள்ளி இரவு ஒளிபரப்புக்குள் வெட்டி ஒட்டி அழகாக்கி விடுவார்கள். கேள்வி கேட்பவரும் அவர்தான், புள்ளி போடுபவரும் அவர்தான். பக்கத்தில் இருக்கும் விருந்தாளிக்குத்தான் வியர்க்கும்.

பொரிஸையே எடுங்கள். 1998-இல் முதல் தடவை விருந்தாளியாக வந்தபோது, ஒரு பத்திரிகையாளரை அடிக்க விலாசம் கேட்ட நண்பர் டேரியஸ் கப்பியுடன் அவர் பேசிய ரெலிபோன் விசயத்தை நிகழ்ச்சியின் நிரந்தர அணித் தலைவர்களில் ஒருவரான இயன் ஹிஸ்லொப் தூக்கிப் போட்டார். மனுசன் நெளிந்த நெளிவு! அதுதான் நிகழ்ச்சி. பிறகு 2001-இல் எம்பி ஆனார். அதற்குப் பிறகு அதே ஆளுக்கு நடுக் கதிரை, ஒரு தரம் இல்லை, நாலு தரம். பாஃப்டா ரீவி விருதுக்கு வேறு பெயர் போனது. இப்போது சொல்லுங்கள், கப்பியைப் பற்றிய கேள்வியை யார் யாரிடம் கேட்பது?

இதில் எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. அந்தக் கதிரை ஏன் காலியானது? 1990-இல் இருந்து அதில் இருந்தவர் அங்கஸ் டீட்டன். 2002-இல் அவருடைய சொந்த வாழ்க்கை பத்திரிகையில் நாறியது. தானே செய்தியாகிப் போன ஒருவர் மற்றவர்களின் செய்தியை வாசித்து நக்கலடிக்க முடியாது என்று ஒக்டோபரில் பிபிசி அவரை அனுப்பி விட்டது. நியாயம்தான். அடுத்த நிகழ்ச்சியை மற்ற அணித் தலைவரான போல் மேர்ட்டனே நடத்தினார், அன்றிலிருந்து நடத்துவதற்குக் கிழமைக்கு ஒருவர். செய்தியானவர் இருக்கக் கூடாது என்று துடைத்து வைத்த கதிரையில், செய்தியாவதையே தொழிலாக வைத்திருக்கும் எம்பியை இருத்தினார்கள். இதுதான் உண்மையான பகிடி. இதற்கு ஒருவரும் சிரிப்பு முகம் போடவில்லை.

அந்த டீட்டன் விசயம் என்னால் மறக்க முடியாதது. நான் 1999-இல் லண்டனுக்கு வந்தேன். ஈஸ்ற்ஹாமில் ஒரு அறையில் ஐந்து பேர், ஒரு பழைய ரீவி. ஸ்ரூடியோவில் சிரித்தால் நானும் சிரிப்பேன். "என்னத்துக்கடா இளிக்கிறாய்?" என்று கேட்பார் அறையில் மூத்தவர். எனக்கும் தெரியாது. இரவில் பெற்றோல் ஸ்ரேசன் வேலை. விடியப்புறம் பத்திரிகைக் கட்டை அவிழ்த்து அடுக்கும்போது தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், நிகழ்ச்சியின் கடைசியில் வரும், பத்திரிகைத் தலைப்பில் விடுபட்ட சொல்லை ஊகிக்கும் சுற்றில் ஒன்றையாவது பிடிக்க வேண்டும் என்று. 2002 மே மாதம் ஒரு ஞாயிறு 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' முதல் பக்கத்தில் டீட்டன். அந்தப் பத்திரிகையை என் கையால் எத்தனை பேருக்கு விற்றேன்! அந்த வெள்ளி மேர்ட்டன் மேல் சட்டையைத் திறந்தார், உள்ளே ரீசேட்டில் அதே முதல் பக்கம். ஸ்ரூடியோ சிரிக்க முதல் நான் சிரித்தேன். இந்த நாட்டில் நான் முதலாக வந்து சேர்ந்த இடம் அந்தச் சிரிப்பு. எனக்குத்தான் பகிடி விளங்காது என்கிறீர்கள்.

"வில்லியம் ஹேக் நடத்தவில்லையா, ஆன் விடிகொம் நடத்தவில்லையா, என்ன குடி முழுகிப் போனது?" என்று ஒருவர். ஹேக் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைப் பதவியை விட்டு இறங்கிய பிறகு வந்தார். விடிகொம் அப்போதும் எம்பிதான்... சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் அதை வைத்து ஒன்றும் பிடித்து விடவில்லையே.

"ஒரு ரீவி நிகழ்ச்சியாலா பிரதமரானார்?" என்று இன்னொருவர். இல்லை. நான் அப்படிச் சொன்னேனா? 2008-இல் லண்டன் மேயர், 2019-இல் பிரதமர், நடுவில் ஆயிரம் காரணம். ஆனால் அவர் எதைச் செய்தாலும் "அட, அவர் அப்படித்தான்" என்று தலையைத் தடவி விடும் அந்தச் செல்லம் எங்கே தொடங்கியது? நீங்கள் பகிர்ந்த துண்டுக்குக் கீழே இப்போதும் அதே செல்லம்தானே ஓடுகிறது?

கிழமைக்கு ஒரு விருந்தினர் நடத்தும் முறையே கூடாது, நிரந்தரமாக ஒருவரைப் போடு என்றும் நான் சொல்லவில்லை. முறை அருமையான முறை. 2003-இல் ரீவி நட்சத்திரம் புரூஸ் போர்சித், ஈராக்கில் தேடப்பட்டவர்களின் படம் போட்ட சீட்டுக்கட்டை வைத்துத் தன் பழைய ரீவி விளையாட்டையே ஆடிக் காட்டினார், மேர்ட்டன் துள்ளித் துள்ளிச் சிரித்தார், ஹிஸ்லொப்பின் முகத்தைப் பார்க்க வேண்டும். 2017-இல் பாராளுமன்றப் பாலியல் தொந்தரவுச் செய்தியை ஆண்கள் சிரித்துக் கடக்கப் பார்த்தபோது, அந்தக் கதிரையில் இருந்த நகைச்சுவைக் கலைஞர் ஜோ பிராண்ட், சின்ன விசயம் போலத் தெரிவதும் பெண்களை எப்படித் தேய்க்கும் என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். ஸ்ரூடியோ முதலில் அடங்கியது, பிறகு கை தட்டியது. பதவிக்கு ஓடுகிறவரால் அப்படி ஒரு வசனம் சொல்ல முடியுமா? 1993-இல் தொழிற்கட்சி அரசியல்வாதி ரோய் ஹற்றர்ஸ்லி மூன்றாவது தரமும் வராமல் விட்டபோது அவர் இடத்தில் ஒரு டப்பா பன்றிக் கொழுப்பை வைத்தார்கள். அந்த டப்பா பிறகு தேர்தலில் நிற்கவில்லை.

"இவ்வளவு சீரியசா எடுக்காதீங்கோ" என்கிற அக்காவுக்கும் ஒன்று. நாங்கள் விட்டு வந்த இலங்கையில் கேலிச்சித்திரம் வரைந்த பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரியில் வீட்டுக்குத் திரும்பவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. மேலிடத்தைப் பார்த்துச் சிரிக்க ஒரு இடம் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருடைய மனைவியிடம் கேளுங்கள். இங்கே அந்த இடம் இருக்கிறது, அதில் மேலிடத்தையே கூப்பிட்டு இருத்தி, கையில் பகிடியையும் எழுதிக் கொடுக்கிறார்கள். நான் கோபப்பட்டால் அண்ணைக்கு வயது போய்விட்டது.

தம்பி, உங்களை நான் பிளொக் பண்ணவில்லை. லைக் போட்ட மூன்று சொந்தக்காரரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரத்தான் போகிறார்கள், ரீவிக்கு முன்னால் இருக்கும் கதிரையை மட்டும் கேட்க வேண்டாம்.